முதலில் எதிராளியின் பேச்சு

மெட்ராஸ்,
14.7.1978

மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்து விட்டுப்போனதல்ல, வேண்டுமென்றேதான் விட்டேன்.

வந்து சேர்ந்தேன். சட்டக் கல்லூரியில் பெயர் பதிந்தாயிற்று. பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. அறையில் கூட இருப்பவள் பெயர் ஜெபகுமாரி, கலசப்பாக்கத்துக்காரி. பிறந்ததிலிருந்து நம் மலையைக் கீழே இருந்து பார்த்தவள். "அந்த மேகத்துக்குள்ள ஆளுங்க வேற இருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருக்கோம், மேல இருந்து உங்கள எல்லாம் பாத்துனுதான் இருக்கோம்" என்றேன். அதோடு சிநேகமாகிவிட்டோம்.

இதெல்லாம் தகவல். இனி என் வழக்கு.

ஆயிரத்துச் சொச்சம் பேர் மனு போட்ட கல்லூரி இது. எனக்கு இடம் கிடைத்த கார்டை ஜீப் ஓட்டும் அர்ச்சுனன் கொண்டுவந்தபோது, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது யார்? நீங்கள்தான். ஜீப்பின் ஹாரனைப் பத்து தடவை அமுக்கி ஊரைக் கூட்டியதும் நீங்கள்தான். அதே புருஷன் நாலே நாளில் புளியமரத்தடியில் நின்று என் மானத்தை வாங்கினால் நான் என்ன நினைப்பது?

உங்கள் பெரியப்பா பிராது வைத்தார். "கட்டிக்கினு வந்த பொண்ணு மூணு வருசம் பட்டணத்துல குந்தினு இருக்கறது நம்ம பலாக்கரைல இல்லாத வழக்கம்" என்றார். எனக்காக நீங்கள் எழுந்தீர்கள். நம் ஊர்க்கூட்ட முறை எனக்குத் தெரியாததில்லை. எழுந்தவன் முதலில் எதிராளியின் பேச்சைச் சொல்ல வேண்டும். எதிராளி கேட்டுவிட்டு, "என் வார்த்தை வந்துடுச்சு" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தன் பேச்சை எடுக்கலாம். சரி, சொல்லுங்கள், யார் வேண்டாமென்றது? இரண்டு வரியில் சொல்லிவிட்டு என் பக்கத்துக்கு வந்திருக்கலாமே!

நீங்கள் சொன்னது எனக்கு வரி வரியாக மனப்பாடம். "காட்டுலேர்ந்து வர்றப்ப நம்ம வூட்டுக் கூரைல பொகை தெரியணும். பொகை தெரிலன்னா அது வூடு இல்ல, வெறும் மண்ணு. சோத்த யாரு வேணா ஆக்கிப் போடலாம். அன்னிக்கி மாடு இன்னா குறும்பு பண்ணுச்சின்னு யாராண்ட போய் சொல்றது?" பொம்பளைகள் பக்கம் மூக்கு சிந்தும் சத்தமே கேட்டது. பெரியப்பா இதையெல்லாம் கனவிலும் யோசித்திருக்க மாட்டார். அவருக்கு ஒரே குஷி. "என் வார்த்தை வந்துடுச்சு, வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று மூன்று முறை கத்தினார். அப்புறம் என் பக்கத்தைச் சொல்ல வேண்டிய முறை உங்களுக்கு. என்ன சொன்னீர்கள்? "அவ படிக்கட்டும்." இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஊர்க்கவுண்டர் முனிசாமி நல்லவர், ஒரு வருஷம் கொடுத்தார். முதல் வருஷப் பரீட்சையில் எல்லாப் பேப்பரும் தேறினால் மீதி இரண்டு வருஷமும் படிக்கலாம். ஒன்றில் தவறினாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும், மறுபேச்சு கிடையாது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்றுக்கொண்டேன். உங்கள் பேச்சைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரே கேள்வி. அந்தப் புகைப் பேச்சு பெரியப்பாவினுடையதா, உங்களுடையதா? உங்களுடையதென்றால் ஊருக்கு முன்னால் சொல்லாமல் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபத்தில்தான் ஜீப் ஏறும்போது உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
நீலாவதி, பி.ஏ.


பலாக்கரை,
புதூர்நாடு அஞ்சல்,
2.8.1978

நீலாவதி பி.ஏ. அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பு லட்சுமணன் எழுதுவது.

நலமா என்று கேட்கவில்லை. திட்டுவதற்கு இவ்வளவு தெம்பு இருக்கிறது, நலம்தான்.

நீ வழக்கு வைத்தால் நானும் வைப்பேன். கோபத்தில் போனவள் உப்புப் பானை எங்கே இருக்கிறது என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மூன்று நாள் உப்பில்லாத களி தின்றேன். நாலாம் நாள் அது உறியில், என் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. களியும் வரவில்லை. கிண்டக் கிண்ட உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. பெரியப்பா தினமும் வந்து சாப்பிட்டுவிட்டுக் குறையும் சொல்கிறார். "இன்னாடா லச்சுமணா, இது களியா, கவண்ல வெச்சி அடிக்கற கல்லா?" என்கிறார். உன்னைப் போகக்கூடாதென்றவர் அவர், இங்கே வந்து தின்பவரும் அவர். இதைக் கேட்க உன் சட்டத்தில் இடமிருக்கிறதா, பார்த்துச் சொல்.

அடுத்தது செவலை. உன் கையைத் தவிர வேறு கையில் கறக்க விடமாட்டேன் என்று ஒரே அடம். இரண்டு முறை உதைத்தாள், சொம்பு நசுங்கிவிட்டது. கடைசியில் உன் பழைய பச்சைப் புடவையைச் சுற்றிக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மகராசி, அசையாமல் நின்று ஒரு சொம்பு கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து அர்ச்சுனன் ஜீப்பை நிறுத்தி, "அக்கா, மெட்ராஸ்லேர்ந்து எப்ப வந்த?" என்று கேட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். அன்றிலிருந்து புதூர்நாடு முழுக்க என் பெயர் லட்சுமி.

கேள்விக்குப் பதில்: முறைப்படி பேசினேன். அவ்வளவுதான். பேசுவதை அரைகுறையாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

லட்சுமணன்


மெட்ராஸ்,
20.9.1978

மாமாவுக்கு,

புடவை சமாச்சாரத்தைப் படித்துவிட்டு ஜெபகுமாரி கட்டிலிலிருந்து விழுந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்ததை வைத்துச் சமாதானம் என்று முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, நழுவினீர்கள்.

படிப்பு கஷ்டமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். எல்லாம் இங்கிலீஷ். நடுநடுவே லத்தீன் வேறு வருகிறது. எப்போதோ சீமையில் யாரோ இரண்டு பேர் சண்டை போட்டிருப்பார்கள், அதை இங்கே நான் உட்கார்ந்து உருப்போட வேண்டும். பேராசிரியர் கேள்வி கேட்டால் முதலில் தமிழில் பதில் வருகிறது, அதை இங்கிலீஷில் திருப்புவதற்குள் முன் பெஞ்சு பிலிப் பதில் சொல்லி முடித்துவிடுகிறான். அவன் மூன்று தலைமுறையாக வக்கீல் குடும்பம். நான் மூன்று தலைமுறையாகச் சாமை. ஆனால் ஒப்பந்தச் சட்டம் மட்டும் எனக்குத் தேனாக இருக்கிறது. யார் என்ன சொன்னான், எதை நம்பி மற்றவன் தலையாட்டினான் என்பதுதானே அது? நம் புளியமரத்தடியில் கேட்காததா!

இடம் கொடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்களே, அங்கே என்ன நடந்தது என்று உங்களிடம் நான் சொல்லவே இல்லை. இடம் கிடைக்காவிட்டால் கேலி செய்வீர்கள் என்று பயம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க மலைல கோர்ட்டே கிடையாது. சட்டம் படிச்சுட்டு என்னம்மா பண்ணுவே?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். எனக்குச் சட்டென்று மாட்டு நோட்டீஸ் ஞாபகம் வந்துவிட்டது.

சொல்லிவிட்டேன். நான் ஏழாவது படிக்கும்போது புளியமரத்தில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டுப் போனதையும், அதில் மாட்டுப் படம் போட்டிருந்ததால் சர்க்கார் மாடுகளைப் பிடிக்க வருகிறது என்று உங்கள் பெரியப்பா முடிவு செய்ததையும், ஊர் மாடெல்லாம் மூன்று நாள் காட்டுக்குள் ஒளிந்திருந்ததையும், நாலாம் நாள் செங்கம் சந்தையில் யாரோ படித்துக் காட்டி, அது மாடுகளுக்கு இலவச ஊசி போடுகிற நோட்டீஸ் என்று தெரிந்ததையும், அதற்குள் ஊசி போட வந்தவர்கள் மாடே இல்லாத ஊரென்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனதையும் ஒன்று விடாமல் சொன்னேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "படிச்சி சொல்ல ஒரு ஆளு வேணும் சார், தப்பா இருந்தா எதிர்த்துக் கேக்க ஒரு ஆளு வேணும். நான் ஒருத்தியே ரெண்டும் பண்ணிடுவேன்" என்றேன். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

இதற்காகத்தான் வந்தேன், மாமா. புகை தெரியாமல் போனதற்கு நான் காரணமென்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள்.

நீலாவதி


பலாக்கரை,
25.11.1978

நீலாவுக்கு,

மாட்டு நோட்டீஸைப் போய் அவ்வளவு பெரிய மனிதர்களிடம் சொன்னாயா? போச்சு, ஊர் மானமே போச்சு. பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் களி தின்ன வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "என் பேர சொன்னாளா, இல்ல ஊர்ப் பெரியவர்னு மட்டும் சொன்னாளா?" என்று கேட்டார். பெயர் சொன்னாய் என்றேன். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான். மெட்ராஸில் கோபால்சாமி என்ற பெயர் போய்ச் சேர்ந்துவிட்டதே.

சாமை அறுத்தாயிற்று. இந்த வருஷம் நல்ல கண்டுமுதல். அர்ச்சுனனிடம் சாமையும் ஒரு சீசா தேனும் கொடுத்திருக்கிறேன், திருப்பத்தூரில் பார்சல் போடுவான். தேனை ஜெபகுமாரிக்கும் கொடு. மலையில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டவளுக்குத் தெரியட்டும்.

களி இப்போது கட்டியில்லாமல் வருகிறது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பொங்கலுக்கு வருவதா வேண்டாமா என்று அர்ச்சுனனுக்குக் கார்டு போட்டுக் கேட்டாயாம். படிக்க வேண்டியது நிறைய இருந்தால் வர வேண்டாம். ஒரு பேப்பர் போனாலும் போனதுதான், ஞாபகமிருக்கட்டும்.

கேள்விக்குப் பதில் போன கடிதத்திலேயே சொல்லியாயிற்று.

லட்சுமணன்


மெட்ராஸ்,
10.1.1979

மாமாவுக்கு,

வர வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். வரவில்லை.

தேன் வந்தது. தின்றோம்.

பிப்ரவரியில் மாதிரி கோர்ட் என்று ஒன்று நடத்துகிறார்கள். கல்லூரிக்குள்ளேயே கோர்ட் மாதிரி மேடை போட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை உட்காரவைத்து, மாணவர்கள் இரண்டு பக்கமும் வாதாடுவது. முதல் வருஷத்தில் நானும் ஜெபகுமாரியும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் பிலிப். சீட்டுக் குலுக்கியதில் அப்படி விழுந்தது.

பரீட்சை, மாதிரி கோர்ட், அதற்கு நடுவில் உங்கள்மேல் கோபம். மூன்றையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் அந்தக் கோபத்தை இறக்கி வைக்கிறேன். இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

நீலாவதி


மெட்ராஸ்,
24.2.1979

மாமா,

கேட்க மாட்டேன் என்று எழுதியவள்தான். ஆனால் இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நான் சிரிப்பு மூட்டிவிட்டேன், மாமா. முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில்!

வழக்கு இது. சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவர் சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறார். வந்து பார்த்தால் காணோம். ஸ்டாண்டுக்காரர் டோக்கனைத் திருப்பிக் காட்டுகிறார். 'தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல' என்று பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. நாங்கள் சைக்கிள்காரர் பக்கம். பிலிப் ஸ்டாண்டுக்காரர் பக்கம். எனக்குப் பதினைந்து நிமிஷம்.

கறுப்புக் கோட்டு இரவல், இரண்டு கையும் தொங்குகிறது. எழுந்தேன். நீதிபதியைப் பார்த்தேன். அவர் அச்சு அசல் முனிசாமிக் கவுண்டர் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு, தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கால் புளியமரத்தடியில் நிற்கிறது என்றே மனசு எடுத்துக்கொண்டது. வாயைத் திறந்து என் ஓட்டை இங்கிலீஷில் ஸ்டாண்டுக்காரர் பேச்சைத் தொடங்கிவிட்டேன்!

"காலைலேர்ந்து வெயில்ல நிக்கற மனுஷன் அவர். முந்நூறு சைக்கிளுக்கு ஒரே ஒரு ஆள். பத்துப் பைசா வாங்கறார். ஒரு சைக்கிள் போனா அதுக்கு ஈடு கட்டணும்னா அவர் வூட்டையே விக்கணும். அதனாலதான் முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டார். எழுதிக் குடுத்தும் நம்பி விட்டது யாரு?" என்று போட்டேன் பாருங்கள். ஜெபகுமாரி என் புடவையைப் பிடித்து இழுக்கிறாள். அவள் எதற்கு இழுக்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை. பிலிப் திறந்த வாயை மூடவில்லை. பத்து நிமிஷம் போயிற்று. முடித்துவிட்டு, முறைப்படி பிலிப் பக்கம் திரும்பி, சுத்தத் தமிழில், அதுவும் நம் மலைத் தமிழில், "இன்னா, உன் வார்த்தை வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

மண்டபமே அதிர்ந்தது. பின் பெஞ்சுகள் மேஜையைத் தட்டுகின்றன. அப்போதுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் பிலிப் பாவம், எழுந்து நின்று, "வந்துடுச்சு. நான் எழுதி வெச்சதைவிட நல்லாவே வந்துடுச்சு" என்றான். நீதிபதி கண்ணைத் திறந்தார். இது என்ன வழக்கம் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இனிமே உன் பேச்சைச் சொல்லும்மா" என்றார். மிச்சமிருந்த ஐந்து நிமிஷத்தில் என் பக்கத்தைச் சொன்னேன். பிலிப் முறை வந்தது. "எனக்குச் சொல்ல மிச்சம் ஒன்றுமில்லை" என்று உட்கார்ந்துவிட்டான்.

தீர்ப்பு என்ன தெரியுமா? ஸ்டாண்டுக்காரர் பக்கம்! என் வழக்கை நானே தோற்கடித்துவிட்டேன். சிறந்த பேச்சாளர் கோப்பை மட்டும் எனக்கு. வெள்ளிக் கோப்பை என்றார்கள். வெள்ளி இல்லை, ஜெபகுமாரி சுரண்டிப் பார்த்துவிட்டாள்.

அறைக்கு வந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் ஸ்டாண்டுக்காரர் பக்கம் இல்லை. ஆனாலும் அவர் பேச்சு என் வாயிலிருந்து எவ்வளவு உருக்கமாக வந்தது! அப்படியென்றால் நீங்களும் அன்றைக்கு அப்படித்தானே பேசியிருப்பீர்கள்? ஏழு மாசமாக உங்கள்மேல் பழி சுமத்திவிட்டேன். புகைப் பேச்சு பெரியப்பாவினுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கை வாபஸ் வாங்குகிறேன். மன்னித்துவிடுங்கள்.

அன்புள்ள,
நீலா


பலாக்கரை,
15.3.1979

நீலா,

உன் கடிதத்தைப் புளி உலுக்கும் இடத்தில் எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்தேன். மரத்தின் மேல் நின்றவன் சிரித்த சிரிப்பில் கிளையை விட்டுவிட்டான். நல்லவேளை, கீழே புளிக்குவியல் இருந்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நம்ம முறை மெட்ராஸ் கோர்ட்டுக்கே போய்டுச்சிடா" என்றார். கடைசிப் பத்தியை மட்டும் யாருக்கும் படிக்கவில்லை.

அந்தப் பத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மூன்று முறை எழுதிக் கிழித்தேன், இது நாலாவது.

உன் வழக்கை வாபஸ் வாங்காதே. என்னை விடுதலை செய்தது தப்பு. புகைப் பேச்சு என்னுடையதுதான்.

பெரியப்பாவின் பிராது வழக்கத்தைப் பற்றியது. அவருக்குப் புகையாவது, கூரையாவது. அதெல்லாம் என் மனசில் கிடந்தது. கார்டு வந்த அன்றைக்கு ஹாரன் அமுக்கினேனே, அதுவும் உண்மைதான். சந்தோஷமும் நிஜம், பயமும் நிஜம். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய். போகாதே என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீ போனால் எனக்குக் கஷ்டமாயிருக்கும் என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட ஆசை. ஆம்பளை அதை எங்கே போய்ச் சொல்வது? எதிராளி பேச்சென்று சொன்னால் ஊரும் கேட்கும், நீயும் கேட்பாய், என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதனால் பெரியப்பா பெயரில் என் பேச்சை ஏற்றிவிட்டேன். அந்த மனுஷனும் தன் பேச்சென்றே நம்பி மூன்று முறை தலையாட்டினார்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு என்னிடம் மிச்சமிருந்தது 'அவ படிக்கட்டும்' என்பது மட்டும்தான். இரண்டே வார்த்தை என்று குறைப்பட்டாய். அதுவும் என்னுடையதுதான் நீலா. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஊருக்கு முன்னால் அழுதிருப்பேன், அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

இனி முறைப்படி உன் பேச்சைச் சொல்கிறேன், கேள்.

'ஆயிரம் பேருக்கு நடுவில் இடம் பிடித்தேன். தோளில் தூக்கி ஆட வேண்டிய புருஷன் ஊருக்கு முன்னால் ஒப்பாரி வைத்தான். போகிறவள் மனசில் கல்லைப் போட்டு அனுப்பினான். இங்கே பாடம் புரியாத நாளில் எல்லாம் அந்தப் பேச்சுதான் என் காதில் விழுந்தது. நான் வந்தது தப்போ, ஒரு வீட்டை அணைத்துவிட்டு வந்தேனோ என்று நினைக்க வைத்தான். பொங்கலுக்கு வா என்று ஒரு வார்த்தை எழுதினானா? வராதே என்றான். பரீட்சைக்குப் பயந்து சொன்னானோ, என்னைப் பார்க்கப் பயந்து சொன்னானோ, எனக்கு எப்படித் தெரியும்?'

சொல்லிவிட்டேன். உன் வார்த்தை வந்துடுச்சா?

லட்சுமணன்


மெட்ராஸ்,
2.4.1979

அன்புள்ள மாமாவுக்கு,

'அன்புள்ள'வுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

நான் அழுத அழுகையில் ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று ஜெபகுமாரி ஜெபமே செய்யத் தொடங்கிவிட்டாள். கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "இந்த மாதிரி ஒருத்தரு மேகத்துக்குள்ளதான் கிடைப்பாரா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்று பாருங்கள்.

பதினாறாம் தேதி பரீட்சை தொடங்குகிறது. ஒப்பந்தச் சட்டத்துக்குப் பயமில்லை. அரசியலமைப்புச் சட்டம்தான் மலையேறும் லாரி மாதிரி முக்குகிறது. ஒரு பேப்பர்கூடப் போகக்கூடாது, போக விடமாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். என் வார்த்தை முக்கால்வாசி வந்திருக்கிறது. கால்வாசி வரவில்லை. என்னவென்று சொல்ல மாட்டேன். எதிராளி எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது முறை. யோசித்துச் சொல்லுங்கள்.

மே மாசம் வருகிறேன். பலா பழுத்திருக்கட்டும்.

உங்கள்,
நீலா


பலாக்கரை,
20.7.1979

அன்புள்ள நீலாவுக்கு,

தந்தி வந்தது. இனிமேல் தந்தி அடிக்கிற வேலை வைத்துக்கொள்ளாதே, ஊரே செத்துப் பிழைத்தது.

செவ்வாய்க்கிழமை ஜீப்பில் அர்ச்சுனன் கொண்டுவந்தான். தந்தி என்றாலே சாவு என்றுதானே நம் ஆட்களுக்குக் கணக்கு? அதுவும் இங்கிலீஷ். நான் கொல்லையிலிருந்து வருவதற்குள் பொம்பளைகள் கூடி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். பெரியப்பா புளியமரத்தடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்து, "நான்தான் பிராது வெச்சேன், எம் பொண்ணு மனசு நொந்து போய்ட்டா" என்று கேவுகிறார். தந்தியை அர்ச்சுனன் கையிலிருந்து பிடுங்கினேன்.

அப்புறம்தான் மே மாசம் நீ மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் இருபத்தாறு எழுத்து எழுதிப் படிக்க வைத்தது ஞாபகம் வந்தது. எட்டாவது வரை எங்களுக்கு இங்கிலீஷ் வாத்தியாரே வந்ததில்லை, நீ சொல்லிக்கொடுத்த பெரிய எழுத்து மட்டும்தான் எனக்குத் தெரியும். நல்லவேளை, தந்தியும் பெரிய எழுத்துதான். தந்தியைச் சுவர்ப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். செவலை வேறு நடுவில் அதைத் தின்ன வருகிறாள். பி, ஏ, எஸ், எஸ். 'பாஸ்' என்று கத்தினேன். அழுகை பாதியில் நின்றது. அடுத்தது ஏ, எல், எல். அது 'ஆல்'. அர்ச்சுனன் ஜீப் எடுக்கும்போது 'ஆல் ரைட்' என்பானே, அதிலிருந்து பிடித்தேன். மூன்றாவது வார்த்தையை முதலில் 'பப்பெர்ஸ்' என்று படித்தேன். அது என்ன பப்பெர்ஸ் என்று ஊரே கூடி யோசித்தது. பேப்பர் என்று அர்ச்சுனன் கண்டுபிடித்தான்.

எல்லாப் பேப்பரும் பாஸ்! நீலா, உன்னை விட்டால், நம் ஊருக்கு வந்த ஒரு இங்கிலீஷ் காகிதத்தை இந்த ஊர்க்காரனே படித்தது இதுதான் முதல் தடவை. அதைப் படித்தவன் உன் புருஷன். அதில் இருந்தது உன் பாஸ். நான் சிரித்தேனா அழுதேனா என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்.

நேற்று ஊர்க்கூட்டம். தீர்ப்பை உறுதி செய்ய வேண்டுமே. பிராது வைத்தவர் என்ற முறையில் முனிசாமிக் கவுண்டர் பெரியப்பாவை எழுப்பினார். அவர் முதலில் உன் பேச்சைச் சொல்ல வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "கட்டின பொண்ணு போனா ஊரு கெட்டுடும்னு கோவால்சாமின்னு ஒரு கெழவன் சொன்னான். இன்னா கெட்டுச்சி? லச்சுமணன் களி கிண்டக் கத்துக்கினான். மாடு கறக்கக் கத்துக்கினான். ஏ பி சி டி கத்துக்கினான். இன்னும் ரெண்டு வருசம் அவ அங்க இருந்தா இவனும் வக்கீலாய்டுவான்" என்றார். கூட்டம் விழுந்து புரண்டது. உன் சார்பில் நான் எழுந்து, "நீலா வார்த்தை வந்துடுச்சு" என்றேன்.

"சரி கோவால்சாமி, இப்ப உன் பேச்ச சொல்லு" என்றார் கவுண்டர். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவ படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மீதி இரண்டு வருஷமும் உனக்கு. மறுபேச்சு இல்லை.

இனி, பாக்கியிருக்கும் அந்தக் கால்வாசி. மே மாசம் முழுக்க வீட்டில் இருந்தாய், ஏழு பலாப்பழம் தின்றாய், ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நேரில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். உண்மையில் அப்போது எனக்கு விடையும் தெரியாது. நீ கிளம்பின அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன வருஷம் ஜீப் ஏறும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் பார்க்கவில்லை என்று எழுதினாய், நானும் நம்பினேன். இந்த ஜூனில் கோபம் ஏதும் கிடையாது. சிரித்துக்கொண்டேதான் ஏறினாய். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு தாண்டும் வரை பிடரியை மட்டும் காட்டிக்கொண்டு போனாய். அங்கேயே நின்று யோசித்தேன்.

உன் பேச்சில் நான் விட்டுவிட்டது இதுதான்: 'புகை தெரியவில்லை என்று அவன் மட்டுமா தவித்தான்? எனக்கும் அங்கே புகை தெரியவில்லை. கோபத்தில் திரும்பாமல் போனேன் என்று எழுதியது பொய். திரும்பிப் பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.'

இப்போது சொல். வந்துடுச்சா?

உன்,
லட்சுமணன்


மெட்ராஸ்,
30.7.1979

அன்புள்ள மாமாவுக்கு,

என் வார்த்தை வந்துடுச்சு.

சுதந்திர தினத்தை ஒட்டி நாலு நாள் விடுமுறை எடுக்கிறேன். பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வருகிறேன். பச்சைப் புடவையைத் துவைத்து வையுங்கள், அது எனக்கு வேண்டும். செவலைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெரியப்பாவுக்கும் சேர்த்துக் களி கிண்டுங்கள்.

அடுப்பை முன்னாலேயே மூட்டிவிடுங்கள். ஜீப் வளைவில் திரும்பும்போதே எனக்குப் புகை தெரிய வேண்டும்.

நீலா